முன்வரிசையில் மிஸ்பா

பர்மாவின் தாகேதாவிலிருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில் அக்டோபர் மாதம் 'கடோ' நடக்கும். ஆசிரியர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, பிள்ளைகள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து மூன்று முறை விழுந்து வணங்கும் விழா அது. அதற்கான வேலை முழுவதும் பத்தாம் வகுப்பின் தலையில் விழும். பாய் விரிப்பது, தட்டுகளில் துண்டும் சோப்பும் பழமும் அடுக்குவது, பெரிய வகுப்புக்காரர்கள் ஏவியதை முகம் சுளிக்காமல் செய்வது. அதற்கு ஈடாக ஒரு பெருமையும் உண்டு. வணக்க உரையை வாசிக்கும் பிள்ளை பத்தாம் வகுப்பிலிருந்துதான் வரும்.

இந்த வருடம், பிள்ளைகள் 'சயாமா' என்று அழைக்கும் வகுப்பாசிரியை டோ கின் ஸ்வே மிஸ்பாவைத் தேர்ந்தெடுத்தார். பர்மிய மொழியை அவளைப்போல் தெளிவாக வாசிப்பவர் வகுப்பில் யாரும் இல்லை. மாணவர் தலைவர் பட்டியலிலும் அவள் பெயர் இருந்தது. மிஸ்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் அவளுடைய வாப்பா பர்கத்துல்லாவுக்கும் சந்தோஷம்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் கழித்து, வாசித்து முடித்ததும் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். வணங்கவேண்டும் என்று மெல்லச் சொன்னாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"மரியாதை எவ்வளவு வேணும்னாலும் கொடும்மா. நெத்தி மட்டும் தரையில படக்கூடாது. அது அல்லாவுக்கு மட்டும்தான்."

இத்தனை வருடமும் மிஸ்பா கடைசி வரிசையில் தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யார் கண்ணிலும் பட்டதில்லை. இப்போது அவள் இடம் எல்லாருக்கும் முன்னால், தனியாக. தான் வந்து ஆசிரியையிடம் பேசுவதாக வாப்பா சொன்னார். மிஸ்பா பதறிப்போய்த் தடுத்தாள், தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

ஆனால் சொல்லவில்லை. சொன்னால் வாசிப்பு வேறு யாருக்காவது போய்விடும். ஒத்திகை தினமும் நடந்தது. வணங்குவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று டோ கின் ஸ்வே உரை முடிந்ததோடு நிறுத்திவிடுவார். இரண்டு முறை ஆசிரியர் அறை வாசல்வரை போய்த் திரும்பினாள். விழாவுக்கு இருந்த பத்து நாளும் கரைந்துபோயின.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. மிஸ்பா முன்னால் உட்கார்ந்து வாசித்தாள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கும் கடைசி வரியும் முடிந்தது. வணங்கச் சொல்லிக் குரல் கொடுக்கவேண்டியவளும் அவளே. கொடுத்தாள்.

முதுகுக்குப் பின்னால் முந்நூறு பேர் ஒன்றாகக் குனியும் ஓசை கேட்டது. அவள் நெஞ்சருகே கைகூப்பித் தலையைத் தாழ்த்தினாள். அதற்குமேல் குனியவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை கண்ணை உயர்த்தியபோது தலைமையாசிரியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் டோ கின் ஸ்வேயின் முகம் வெளுத்திருந்தது.

அன்பளிப்புகள் கொடுத்து முடித்ததும் டோ கின் ஸ்வே அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"நீ விழுந்து கும்பிடாததுக்காகக் கூப்பிடல. உன்னைப் போல பிள்ளைங்களுக்கு நான் எத்தனையோ வருஷமா பாடம் நடத்தறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாசிச்சதும் உன்னை ஓரமா உட்காரவெச்சிருப்பேனே. ஏன் சொல்லல?"

"வாசிக்க விடமாட்டீங்கன்னு பயந்துட்டேன், சயாமா."

அந்தப் பதில்தான் அவரைக் காயப்படுத்தியது. அதற்குள் தலைமையாசிரியர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. அவளை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு டோ கின் ஸ்வே மட்டும் உள்ளே போனார்.

கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. தலைமையாசிரியரின் குரல் உயர்ந்தது. அதற்குப் பதிலாக டோ கின் ஸ்வே அமைதியாகச் சொன்னது மிஸ்பாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நான்தான் அவளை அப்படி உட்காரச் சொன்னேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லாதது என் தப்பு."

இந்தக் குற்றத்தை அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளவேண்டும் என்றார் தலைமையாசிரியர். மிஸ்பா பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சயாமாவுக்கு எதுவுமே தெரியாது. நான் மறைச்சுட்டேன்."

டோ கின் ஸ்வே கண்ணை மூடிக்கொண்டார். தலைமையாசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த ஒப்புதல் கடிதத்தை மிஸ்பாவே எழுதட்டும் என்றார். மாணவர் தலைவர் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தார். இனி மேடையில் அவள் வாசிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும், ஏன் உள்ளே வந்தாய் என்று டோ கின் ஸ்வே கடிந்துகொண்டார். கடிந்துகொண்டே அவள் தோளைப் பிடித்தவர், படிக்கட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.

மாலையில் வாப்பாவின் கடைக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அடி விழும் என்றுகூட எதிர்பார்த்தாள். பர்கத்துல்லா கல்லாவை மூடினார்.

"நாளைக்கு உங்க டீச்சர் எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று கேட்டார். "உன்னைக் காப்பாத்தப் பார்த்தவங்களை நான் வந்து பாக்கணும்."