பால்கனிக் கேமரா

கூலர் மேலிருந்த தகரப் பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறிய பூங்கோதையை மூன்று பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். புருஷனை ஹாலில் கிடத்தியிருக்கும்போது பெண்டாட்டி இரண்டாம் மாடி பால்கனியில் ஸ்டூல் போட்டு ஏறினால் பார்க்கிறவர்களுக்குப் பகீரென்றுதான் இருக்கும்.

"குதிக்க மாட்டேன். விடுங்க. கேமரா எடுக்கப் போறேன்" என்றாள்.

பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் நகரவில்லை. மூவரில் மாடிவீட்டு சேஷன் மட்டும், ஆடிட்டில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், "எதுக்கும்மா இப்போ கேமரா?" என்று கேட்டார்.

"கனிமொழி கேட்டா."

மகள் நியூஜெர்சியில் எட்டு மாதக் கர்ப்பிணி. டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. நேற்று சாயங்காலம் போனில் அழுது முடித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழையும் ஹிந்தியையும் ஒன்றாகப் போட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, பாபாவோட முகம் எனக்குப் பாக்கணும். டைரக்டா பாக்க முடியாதுல்ல. ஒரு போட்டோ முகம் மட்டும். ஒரு போட்டோ நீ பக்கத்துல உக்காந்து. வேற ஒண்ணும் வேணாம்மா. ப்ராமிஸ் பண்ணு." பூங்கோதை சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். அப்போது அவளுக்கு ஒரு விஷயம் உறைக்கவில்லை. டெல்லியில் சாவு வீட்டுக்குப் போட்டோ எடுக்கத் தமிழில் கூப்பிடக்கூடிய ஒரே ஆள் ஹாலில் படுத்திருந்தார்.

அழகர்சாமிக்கு மந்திரி காரியாலயத்தில் கிளார்க் வேலை. சனி, ஞாயிறு என்றால் போட்டோகிராபர். காதுகுத்து, கல்யாணம், அரங்கேற்றம் என்று தமிழர் வீட்டு விசேஷம் எதுவானாலும் அவர்தான். யாராவது இறந்துவிட்டால், ஊரிலிருந்து இரண்டு நாள் ரயிலேறி வர முடியாத சொந்தங்களுக்காக முகத்தை எடுத்து அனுப்புவதும் அவர்தான். ஃபிலிம் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கேமரா இருந்தது. ஒரு தடவை கல்யாணராமன் வீட்டுக் கல்யாணத்தில், மணப்பெண்ணின் அத்தை அந்த கேமராவை அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள். பதினைந்து நாள் முன்னால் தன் மாமனாரைக் கிடத்தியபோது எடுத்த அதே கேமரா. முகூர்த்த நேரத்தில் ரகளையாகி, அழகர்சாமி மேடையிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. டெல்லித் தமிழர்களுக்குள் ரகசியம் தங்காது. சரோஜினி நகரில் தும்மினால் ஆர்.கே.புரத்தில் நூறாயுசு என்பார்கள்.

அன்றிலிருந்து பூங்கோதை சட்டம் போட்டாள். நல்லதுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று.

டிஜிட்டல் வந்தபோது அவர் அந்தச் சட்டத்தையே சாக்காக வைத்துக்கொண்டு சாந்தினி சௌக் கேமரா கடைகளை மூன்று மாதம் சுற்றினார். சனிக்கிழமை போனால் சாயங்காலம்தான் வருவார். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒப்பிட்டுச் சொல்வார்.

"நிக்கான் ஃப்ளாஷோட நல்லா ஒத்துப்போகுது கோதை. மத்தியான வெயில்லகூட ஃப்ளாஷ் போட்டு மாப்பிள்ளை ஊர்வலத்த எடுக்கலாம், தலப்பாக்கட்டு நிழல் மூஞ்சியில விழாது. ஜரிகை, நகை எல்லாம் தகதகன்னு நிக்கும். கேனான் வேற மாதிரி. அது இருட்டுக்கு. ஐ.எஸ்.ஓ. ஆயிரத்தறுநூறு வச்சாலும் படத்துல மண்ணு தூவுன மாதிரி வராது. ஃப்ளாஷே வேணாம், ஜன்னல் வெளிச்சம் போதும்."

"ரெண்டாவது எதுக்கு அவ்வளவு உசத்தியா? படுத்திருக்கிறவங்க நகரவா போறாங்க?"

"செத்தவங்க மூஞ்சியில ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. அவங்களால கண்ணச் சிமிட்ட முடியாதுல்ல" என்றார்.

இரண்டையும் வாங்கினார். நிக்கான் பீரோவுக்குள் அவள் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. கேனான் வீட்டுக்குள் வரவே கூடாது. அதற்குப் பால்கனியில் கூலர் மேல் தகரப் பெட்டி. அதைத் தொட்டால் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் கால் வைக்க வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். நிக்கானில் எடுத்த படங்களில் எல்லாம் அவள் நெற்றி பளபளத்து, கண் பாதி மூடி, ரேஷன் கார்டில் ஒட்டத்தான் லாயக்காக இருந்தாள்.

"ஜன்னல் பக்கமா உக்காரு கோதை. கேனான்ல ஒண்ணே ஒண்ணு எடுக்கிறேன். உன் முகத்துக்கு அதுதான் சரி."

"நான் செத்தப்புறம் அதுல எடுங்க. அதுவரைக்கும் வேணாம்" என்று அவள் வெடுக்கென்று சொன்னதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

இத்தனை காபந்து செய்தும் என்ன? நேற்றுக் காலை ஆர்.கே.புரத்துக் கல்யாண மண்டபத்தில், மாலை மாற்றும்போது, நிக்கானைக் கழுத்தில் மாட்டியபடியே அழகர்சாமி சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. லென்ஸ் கழன்று இரண்டாகிவிட்ட நிக்கானை மாப்பிள்ளையின் மாமா ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று போய்விட்டார்.

பூங்கோதை பெட்டியைத் திறந்தாள். கேனான் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கும் பொருளை இன்றுதான் தொடுகிறாள். ஹாலுக்குள் எடுத்துவந்தபோது, கொள்ளி வைக்கப்போகும் கொழுந்தன் ரவிக்குமார் எழுந்து வந்தான். அழகர்சாமியின் சித்தப்பா மகன். டெல்லியில் அவர்கள் பக்கத்துச் சொந்தம் அவன் ஒருவன்தான்.

"மதினி, பதினோரு மணிக்கு வண்டி வந்துரும். ஜல்தி எடுத்துருவோம். குடுங்க, நான் எடுக்கிறேன்."

அவன் அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு சேஷனிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"கார்டு ஃபுல்லுன்னு வர்றதேம்மா. வேற கார்டு இருக்கா?"

நிக்கானில் இருந்த கார்டைக் கல்யாண வீட்டுக்காரர்கள் பைக்குள் போடுமுன்பே உருவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கல்யாணம் அதில் இருக்கிறது, தப்புச் சொல்ல முடியாது. திங்கட்கிழமை சரோஜினி நகர் மார்க்கெட் விடுமுறை. சாந்தினி சௌக் போய்த் திரும்ப இரண்டு மணி நேரமாவது ஆகும். மணி பத்தேகால்.

"பழசு ஏதாவது அழிச்சாப் போறது. ஒண்ணை அழிச்சா ஒண்ணுக்கு எடம் வரும்" என்று சேஷன் பின்பக்கச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார்.

பூங்கோதை கேமராவை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குளிக்கவில்லை என்பது உள்ளே போன பிறகுதான் நினைவு வந்தது. அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு சக்கரத்தைச் சுற்றினாள்.

சின்னத் திரையில் முகங்கள் வந்தன. மதராசி கேம்ப் குடிசைப் பகுதியின் மாசிலாமணி, போன வாரம் போனவன், மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. தலைமாட்டில் அவன் மனைவி செங்கம்மாள். அவனையே இருபது படம் எடுத்திருந்தார். பிறகு லோதி காலனியில் ஒரு வயதான அம்மாள், பிறகு ஒரு ரிடையர்டு சுபேதார். நாடி கட்டிய முகங்கள். ஆனால் ஒரு முகத்திலும் ஃப்ளாஷின் வெள்ளையடிப்பு இல்லை. எல்லோரும் கொஞ்சம் அசதியில் தூங்குகிறவர்களாகவே இருந்தார்கள்.

அதற்கடுத்த முகம் அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருக்கிறாள். கண் மூடியிருக்கிறது. பிணங்களின் வரிசையில் கண் மூடிய தன் முகம். சக்கரத்தைச் சுற்றினாள். பால்கனியில் முதுகு காட்டி உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். சமையலறையில் மிக்ஸியைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாள். நாலாவதில் மந்திர் மார்க் பள்ளிக்கூடத்து வேலைக்குக் கிளம்பி, தெருவில் நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகிறாள். மேலே பால்கனியில் நின்று எடுத்திருக்கிறார். முதுகும் பின்னலும் டிபன் பையும்தான் தெரிந்தன.

சத்தம் கேட்காத நேரமாகப் பார்த்து எடுத்திருக்கிறார். தூக்கத்திலும், மிக்ஸி ஓடும்போதும். பிரிண்ட் போட்டால் தெரிந்துவிடும் என்று கார்டிலேயே ஒளித்துவைத்திருந்தார். சொன்ன பேச்சைக் கேட்காமல் செய்தாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. கோபப்பட ஆள் இல்லை.

தூங்குகிற படத்துக்குத் திரும்பிப் போனாள். கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் இதமாக விழுந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் தான் இப்படி இருப்பது அவளுக்குத் தெரியாது. இவ்வளவு பிரியமாக யாரோ பார்த்த முகம்.

"மதினி, டைம் ஆகுது" என்று ரவிக்குமார் கதவோரம் வந்தான். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அவள் சக்கரத்தைச் சுற்றியதும் மாசிலாமணியைக் கண்டான். "இவரு யாரோதான? இதுல நாலஞ்சு அழிச்சா ஆச்சு."

"அதெல்லாம் இன்னும் பிரிண்ட் போடாதது. அவங்களுக்கு இது விட்டா வேற இல்ல."

"அப்ப எத அழிக்கிறது?"

அவள் சக்கரத்தைச் சுற்றினாள். கீரை ஆய்கிற படத்தில் நிறுத்தி, குப்பைத்தொட்டி போட்டிருந்த பட்டனை அமுக்கினாள். கேமரா சட்டென்று அழித்துவிடவில்லை. கேன்சலா, இரேஸா என்று கேட்டது. இரேஸுக்குத் தள்ளி அமுக்கினாள்.

ஹாலில் வந்து, "ட்யூப்லைட்ட அணைங்க. ஜன்னல் திரைய முழுசா விலக்குங்க" என்றாள். பெண்கள் ஒதுங்கினார்கள். தானே மண்டியிட்டாள். கண்ணை வைத்துப் பார்த்தால் அழகர்சாமி வெகு தூரத்தில் தெரிந்தார். நெற்றி நாணயமும், மூக்கில் பஞ்சும், நாடிக்கட்டும். அமுக்கினாள். தடாலென்று அது போட்ட சத்தத்தில் ஒப்பாரி ஒரு கணம் நின்றது. படம் நன்றாக வந்திருந்தது. நீங்கள் சொன்னது சரிதான் என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மிக்ஸிப் படத்தை அழித்தாள். சேஷனிடம் கேமராவைக் கொடுத்துவிட்டுப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க பாரும்மா" என்றார் சேஷன்.

எந்த லென்ஸுக்குப் பயந்து இரண்டு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டாளோ, அதை நேராகப் பார்த்தாள். கை புருஷனின் முழங்கையைப் பிடித்திருந்தது. அது குளிர்ந்துபோயிருந்தது.

மகள் கேட்டது இரண்டும் ஆயிற்று. அப்போதுதான் வாசலில் செருப்புகளுக்கு நடுவே, உள்ளே வரத் தயங்கி, சாமந்தி மாலையோடு செங்கம்மாள் நிற்பதைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க" என்றாள் பூங்கோதை.

செங்கம்மாள் மாலையைப் போட்டுவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "எங்க வீட்டுக்காரர எடுக்கையில, முக்காட்ட எடுத்துட்டு அவரு பக்கத்துல நல்லா உக்காரும்மா, நாளைக்கி நீயே பாக்க ஆசப்படுவேன்னாரு. பிள்ளையாட்டம் பாத்து எடுத்தாரும்மா" என்றாள். போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"படம் எல்லாம் பத்திரமா இருக்கு. நானே போட்டுக் கொண்டாந்து தர்றேன்."

எல்லோரும் நின்று ஒன்று எடுக்க வேண்டும் என்று ரவிக்குமார் சொன்னான், ஊரில் கேட்பார்கள். அதற்குப் பஸ் ஸ்டாப் படம் போயிற்று. செங்கம்மாளையும் வரிசையில் நிற்க வைத்தாள். மிச்சம் இருந்தது தூங்குகிற படம் ஒன்றுதான். அதையாவது கனிமொழிக்கு அனுப்பலாம், இல்லை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வண்டி வந்துவிட்டது. ஆண்கள் தூக்கினார்கள். படியில் திருப்பம் குறுகல். "பாத்து, பாத்து, தல இடிக்கும்" என்று யாரோ பழக்கதோஷத்தில் சொன்னார்கள்.

"பொம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாது மதினி" என்று ரவிக்குமார் கதவருகில் அவளை நிறுத்தினான். அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

வீட்டுக்குள் பெண்கள் ஹாலைக் கழுவித் தள்ள வாளியில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினார்கள். பூங்கோதை கேமராவோடு பால்கனிக்கு வந்தாள். கீழே வெள்ளை வண்டியின் பின்கதவைச் சாத்தினார்கள். வண்டி கிளம்பித் தெருவோடு மெதுவாகப் போயிற்று. தினமும் காலையில் அவள் பஸ்ஸுக்கு நடக்கிற தெரு. அவள் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே ஒருவர் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

கேமராவைத் தூக்கினாள். அதில் இடம் இல்லை. தூங்குகிற முகம் திரையில் வந்தது. அதை அப்படிப் பார்க்க ஆசைப்பட்டவர் போய்க்கொண்டிருந்தார். வண்டி முனைக்கு நெருங்கிவிட்டது. குப்பைத்தொட்டி பட்டனை அமுக்கினாள். கேன்சலா, இரேஸா என்று அது கேட்டது. சக்கரத்தை இரேஸுக்குத் தள்ளினாள். கண்ணில் வைத்து அமுக்கினாள்.

முனையில் வண்டி திரும்பி மறைந்தது. திரையைப் பார்த்தாள். பின்கதவு பாதி தெரிந்தது. மறுபாதியை முள்ளங்கி அடுக்கிய ஒரு தள்ளுவண்டி மறைத்திருந்தது.