பார்வையாளர்: ஒருவர்

எல்லாம் அந்தக் கேள்விக்குறியால் வந்தது என்றார் எங்கள் பிரின்சிபால் ஜெயப்பிரகாஷ். வரலாற்றுத் துறை மாணவர் மன்றத்துக்கு நான் ஒரு பட்டிமன்றம் ஏற்பாடு செய்திருந்தேன். தலைப்பு: 'தேசப் பிரிவினை: தவிர்த்திருக்க முடியுமா?' முடியும் என்று மூன்று பேர், முடியாது என்று மூன்று பேர், நடுவர் நான்.

"அந்தக் கேள்விக்குறிய எடுத்துடுங்க அறிவழகன். 'பிரிவினையின் கொடுமைகள்'னு போட்டு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பேசச் சொல்லுங்க. மேலேர்ந்து போன் மேல போன் வருது."

"எந்த மேல சார்? சென்னையா, தில்லியா?"

அவர் ஆள்காட்டி விரலால் மின்விசிறியைக் காட்டினார்.

"கொடுமைதான்னு எல்லாருக்கும் தெரியும் சார். ஏன் நடந்துச்சுன்னு கேக்கத்தான நம்ம டிபார்ட்மென்ட்டே இருக்கு?"

"பெரியவங்க முடிவு பண்ணி வெச்சத எதுக்குங்க பசங்கள விட்டுக் கிளறுறீங்க? தடை போட்டேன்ற பேரு எனக்கு வேணாம். ஹால் தொறந்துதான் இருக்கும். நடத்துனா உங்க பொறுப்பு. ஜூன்ல உங்க ஆர்டர் வரணுமில்ல, அதையும் நெனச்சிக்குங்க."

நான் பதினைந்து வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக ஆணை வந்தால்தான் வேலை. வராவிட்டால் கௌரவம் மட்டும் மிச்சம். நிரந்தரம் ஆகட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப் போட்டேன். நாற்பத்தேழு வயதில் இரண்டும் ஆகவில்லை. சிதம்பரத்தில் ஒரு மாடி அறை, கடலூருக்குத் தினமும் பஸ், இவ்வளவுதான் என் பிழைப்பு. இந்த வேலையும் போனால் காலையில் எழுந்து கிளம்பிப் போக எனக்கு ஓர் இடம் கிடையாது. அது தெரிந்தும் கேள்விக்குறியை நான் எடுக்கவில்லை. வீம்பு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ்த் துறை எழிலனும் அதே பஸ்தான். முன்னால் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பான். ஏழு வருடப் பழக்கம். குடிகாடு வரும்போது கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்கு ஜன்னலை மூடிவிட்டு, இருவரும் ஊர்ப்பட்ட அரசியலைப் பேசித் தீர்ப்போம். அந்த வாரம் அவன் பை சீட்டைவிட்டு நகரவில்லை. "ஆள் வருது மச்சான்" என்றான், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. கடலூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். ஒரு ஆளும் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்தது, அதுதான் கேவலம்.

ஸ்டாஃப் ரூமிலும் அதே கதை. நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் மற்றவர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். இதற்குள் பேச்சாளர்கள் வீட்டுக்கெல்லாம் போன் போயிருந்தது. ஐந்து பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் 'சாரி சார்' என்று அனுப்பிவிட்டார்கள். ஆறாவது கயல்விழி. 'முடியும்' அணியின் தலைவி, என் வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவளுடைய அப்பா ராஜமாணிக்கம் சேத்தியாத்தோப்பிலிருந்து நேரிலேயே வந்தார்.

"ஒங்களத் தப்பு சொல்லல சார். புள்ள எஸ்.ஐ. வேலைக்கு எழுதியிருக்கா. வெரிஃபிகேஷன்ல இவ பேரு எங்கியாவது வந்துடுச்சுன்னா போச்சு சார், எல்லாம் போச்சு."

அந்த மனிதர் கையைக் கூப்பினார். அவரிடம் நான் என்ன வாதாடுவது? கயல்விழி எழுதி வைத்திருந்த தாள்களை என் மேசையில் வைத்தாள். "இது ஒங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்றாள். அப்புறம் என் வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை.

பட்டிமன்றம் இரண்டு மணிக்கு. அதே இரண்டு மணிக்கு எல்லா வகுப்புக்கும் இன்டர்னல் டெஸ்ட் என்று அன்று காலை அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டியிருந்தார் பிரின்சிபால். தடை போடாமல் தடை போடுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை.

ஹாலில் இருநூறு நாற்காலி. கடைசி வரிசையில் மட்டும் சட்டைப்பையில் பேனா குத்திய ஒருவர், மடியில் நோட்டுடன் உட்கார்ந்திருந்தார். போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு கொளஞ்சி. கடலூரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் குறிப்பெடுக்க வருகிறவர்.

"எப்ப சார் ஆரம்பிப்பீங்க? நாலு மணிக்குத் திருவந்திபுரத்துல டூட்டி."

பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒருத்தர் வந்து உட்கார்ந்துவிட்டாரே. கயல்விழியின் தாள்களோடு, மேடையில் 'முடியும்' அணிக்குப் போட்டிருந்த வலது மேசைக்குப் போனேன். 1946-இல் நாடு ஒன்றாக இருப்பதற்கு வெள்ளைக்காரன் ஒரு திட்டம் வைத்தான், இரு தரப்புத் தலைவர்களும் முதலில் அதற்குத் தலையாட்டினார்கள், அப்புறம் கெடுத்தது யார் என்று கேட்டேன். 'முடியாது' அணியின் இடது மேசைக்கு நடந்துபோய், கல்கத்தாத் தெருவில் பிணங்கள் கிடந்த பிறகு காகிதத் திட்டத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா என்று எனக்கே பதில் சொன்னேன். அரை மணி நேரத்தில் எனக்கு என்மேலேயே கோபம் வந்துவிட்டது. ஓரிடத்தில் கொளஞ்சி "அப்படிப் போடு!" என்று சொல்லிவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

முடிந்ததும் மேடைப் பக்கம் வந்தார்.

"தீர்ப்பு சொல்லலியே சார்?"

"அது நான் சொல்றதுக்கில்ல. ரெண்டு பக்கமும் கேட்டீங்க இல்ல, படிச்சுப் பாத்து நீங்க முடிவு பண்ணுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. தனிமரம் தோப்பாவாது, ஆளில்லாத கூட்டம் கூட்டமாவாது. 'நிகழ்ச்சி நடைபெறவில்லை'ன்னு ஒத்த வரி எழுதிடறேன். ஒங்க பிரின்சிபாலும் அதத்தான் கேட்டுக்கிட்டாரு. ஜூன்ல ஒங்க ஆர்டரு தானா வந்துடும்."

ஆசையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப ஆசையாக இருந்தது. அந்த ஒரு வரியில் என் சம்பளம், என் பஸ், எழிலன் பக்கத்து சீட்டு எல்லாம் திரும்பி வந்துவிடும். ஆனால் முதல் வருடப் பிள்ளைகளிடம் முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான்: எழுதினவர் யார் என்று பார், அவர் எதை எழுதாமல் விட்டார் என்று பார். இன்றைக்கு எழுதாமல் விடச் சொல்பவன் நானா?

"நடந்துதுன்னு எழுதுங்க ஏட்டய்யா."

"வேலை போயிடும் சார்."

"தெரியும். நடந்தத நடந்ததாவே எழுதுங்க."

"எத்தினி பேருன்னு கேப்பாங்களே?"

"ஒருத்தர்னு எழுதுங்க."

"அது யாருன்னு கேப்பாங்க சார்."

நான் அவரையே பார்த்தேன். அவர் சிரித்தார், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

ஏப்ரலில் என்மேல் விசாரணை. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி அம்மா ஒரு கோப்பை என் முன்னால் தள்ளினார். "இதெல்லாம் நீங்க பேசினதா?"

நான்கு பக்கம். வலது மேசையில் சொன்னது, இடது மேசையில் சொன்னது என்று தனித்தனியாக, ஒரு வாதம் விடாமல், வருடம்கூடப் பிசகாமல் எழுதியிருந்தது. பதினைந்து வருடத்தில் எந்தப் பிள்ளையும் என் வகுப்பை இப்படிக் குறிப்பெடுத்ததில்லை. தீர்ப்பு என்ற இடத்தில், 'நடுவர் சொல்லவில்லை. கேட்டவரையே படித்து முடிவு செய்யச் சொன்னார்' என்று இருந்தது. அதற்குக் கீழே: 'பார்வையாளர்: ஒருவர். க. கொளஞ்சி, தலைமைக் காவலர்.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார்.

"மறுக்கறதா இருந்தா இப்பவே எழுதிக் குடுத்துடுங்க சார்."

"ஒரு எழுத்தக்கூட மறுக்கல மேடம். இதுல ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா?"

"ரகசியக் கோப்பு சார். தர முடியாது."

'ஆம், நான் பேசியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜூனில் ஆணை வரவில்லை. கொளஞ்சியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று கடலூர் தனிப்பிரிவு ஆபீசுக்குப் போனேன். அவரை மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டால் ஒருத்தரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.