சங்கத்து வலை

பத்து இறால் குளத்துக்காரர்கள் சேர்ந்து சங்கம் தொடங்கியதும் முதலில் வாங்கியது ஒரு வீச்சு வலை. இறாலைப் பிடித்து எடை பார்க்க ஆளுக்கொரு வலை எதற்கு என்று கேட்டவள் செயலாளர்தான். யாருக்கு என்றைக்கு வலை என்று நோட்டில் வரிசை எழுதியவளும் அவளே.

வெண்புள்ளி நோயில் நான்கு குளங்களின் இறால்கள் செத்த பிறகு, எது முதலில், எது அடுத்து என்று எழுதிப் பார்த்தாள். நோட்டிலிருந்த அதே வரிசை. ஈரம் காயாத வலைதான் குளத்துக்குக் குளம் நோயைச் சுமந்திருக்கிறது. ஐந்தாவது பெயர் அவள் அண்ணனுடையது. உடனே போன் போட்டாள்.

"அண்ணே, அந்த வலையத் தண்ணியில போட்டுடாதீங்க!"

"ஏன், வலைக்கும் லீவு விட்டுட்டியா? காலையிலயே வீசிட்டேன். ஒவ்வொரு இறாலும் விரல் நீளம்! உன் சங்கம் நல்லாயிருக்கணும், போ."

அவள் நோட்டில் ஆறாவது பெயரைப் பார்த்தாள். "இப்ப வலை எங்கண்ணே?"

"பக்கத்துக் குளத்துக்காரர் வாங்கிட்டுப் போக வந்திருக்கார். அடுத்தது அவராமே?"

"குடுக்காதீங்க. போனை அவர்கிட்டக் குடுங்க, சொல்றேன்." பிறகு மெல்லச் சொன்னாள்: "நீங்களும் பக்கத்துலயே நின்னு கேளுங்கண்ணே."