ஒர்சேனிகோ வீட்டு முறை

1

இந்தக் கதையை நான் எழுத நினைக்கவில்லை. இத்தாலியில் ஏரிக்கரை ஊரான எங்கள் பிரெசோனாவின் படகுத்துறையில் வைக்க, ஊர் வரலாற்றை ஒரு பலகைக்குள் அடக்கித் தரச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

‘மலையும் ஏரியும் கைகோக்கும் இந்த எழில்மிகு—’

(வேண்டாம். இதை ஹோட்டல்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும்.)

‘நூற்றைம்பது வருஷத்துக்கு முன், அக்டோபர் மூன்றாம் தேதி, ஏரி கரையேறிப் பதினொரு பேரை—’

(இது தேவலை. ஆனால் அடுத்த வரியில் பத்திஸ்தா வந்தாக வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.)

2

பத்திஸ்தா ஒர்சேனிகோ அன்று கோயில் மணியடிப்பவர். வெள்ளம் வந்தபோது ஊரை எச்சரிக்க மணி அடிக்கவில்லை. குடித்துவிட்டுக் கிடந்தார் என்கிறது ஊர். வருஷாவருஷம் அதே தேதியில் வீட்டுக்கு ஒருவர் மணிக்கயிற்றை ஒருமுறை இழுப்போம். ஒர்சேனிகோ வீட்டு முறை வரும்போது மட்டும் யாரும் கயிற்றைத் தொடுவதில்லை. ஒரு மணியோசைக்கான நேரம் சும்மா நிற்போம். திட்டுவதுகூட இல்லை. திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம்.

அந்த வம்சத்தில் மிஞ்சியிருப்பவள் டெல்ஃபினா. படகு டிக்கெட் கொடுக்கிறாள். என்னோடு பள்ளியில் படித்தவள்.

“ஏம்ப்பா எழுத்தாளா, பலகையில எங்க ஆளையும் ஏத்தப்போறியாமே?”

“ஏத்தாம எப்படி?”

“குடிகாரன்னா?”

“ஊர் சொல்றதத்தான…”

“ஊருக்கென்ன, வாய் இருக்கு, சொல்லும். நீ தேடிப் பாத்தியா?”

எனக்குச் சுருக்கென்றது. போய்த் தேடினேன். கோயில் பதிவேட்டில் அந்த வருஷத்துத் தாள்கள் நனைந்து, அப்பளக்கட்டு போல ஒட்டிக்கிடந்தன. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

3

ஆகவே இட்டுக்கட்டினேன். ‘அந்த மாதம் கோபுரத்தில் மணியே இல்லை. விரிசல் விட்டதால், உருக்கி மறுபடி வார்க்க மாட்டுவண்டியேறிப் போயிருந்தது. பத்திஸ்தா கதவு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினார்.’

(அப்படியானால் ஊர் ஏன் மறந்தது? செத்தவர்கள் வீட்டாருக்கு ஏரியைத் திட்டித் திட்டி அலுத்து, பழிபோட ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கலாம். இது என் ஊகம். மற்றதும் ஊகம்தான்.)

வரிகள் காதுக்கு எப்படி இருக்கின்றன என்று பார்க்கத்தான் அவளிடம் படித்துக் காட்டினேன். கதை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் டிக்கெட் சன்னலை மூடிவிட்டாள்.

“மணியே இல்லையா? இல்லாத மணிய எங்க பூட்டன் எப்படிப்பா அடிப்பான்?”

சிரித்தாள். பிறகு அழுதாள். வரிசையில் நின்ற ரொட்டிக்கடை குவால்தியேரோ தொப்பியைக் கழற்றினார்.

“அப்ப இத்தன வருஷம் நாம பண்ணுனது என்ன?” என்றார்.

கதை என்று சொல்லாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கோழை. சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவி, இந்த வருஷம் ஒர்சேனிகோ வீடும் இழுக்கும் என்று பாதிரியாரே அறிவித்துவிட்டார்.

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவள் இழுக்கிறாள். மணி—

ஆ) உண்மையைச் சொல்கிறேன். அவள் மறுபடி தலைகுனிகிறாள், இந்தமுறை என்னால்.

இ) யாரோ கெட்டிக்காரர் அந்தத் தாள்களைப் பிரித்துப் படிக்கிறார். நான் எழுதியதே அதில் இருக்கிறது. (ஆசைதான். ஆனால் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? இந்தக் குடைச்சல் என்னைத் தூங்கவிடவில்லை.)

மூன்றும் நான் தப்பிக்கும் வழிகள் என்பது இப்போது தெரிகிறது. இன்று மூன்றாம் தேதி. கோபுரத்தடியில் வரிசை நகர்கிறது. டெல்ஃபினா நல்ல கோட்டு போட்டு வந்திருக்கிறாள். வரிசையை விட்டு என்னிடம் வந்து, பிறர் காதில் விழாமல் கேட்கிறாள்:

“பதிவேட்டுல அது எந்தப் பக்கத்துல இருக்குன்னு சொல்லுப்பா. கயித்தத் தொடறதுக்கு முன்னால ஒருதரம் பாத்துக்கறேன். ஊருக்காக இல்ல. எனக்கு.”

பதிவேடு பத்தடி தூரத்தில், பூட்டாத அலமாரியில் இருக்கிறது. குவால்தியேரோ கயிற்றை விட்டுவிட்டார். பாதிரியார் அவள் வீட்டுப் பெயரைக் கூப்பிடுகிறார். அவள் நகரவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இதுவரை எல்லாவற்றையும் நானே எழுதினேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய அந்த ஒரு பதிலை நீங்கள் சொல்லுங்கள். யோசிக்க நேரமில்லை.