வளைவில் கிடப்பவர்

என் கணவரின் கழுத்து வலிக்காக மூன்றாவது முறை வந்திருந்தோம். பால் வண்டி ஓட்டுகிறவருக்குக் கழுத்து வலிக்காமல் இருக்குமா என்று இரண்டு முறையும் தைலம் எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, இன்று பேனாவை மூடி வைத்தார்.

"ஓட்டும்போது அடிக்கடி பின்னால திரும்பிப் பாப்பீங்களா?"

என் கணவர் தரையைப் பார்த்தார். வெளியே யாரோ இருமினார்கள். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. பிறகு, வேண்டாமென்றாலும் ஒரே நினைப்பு வந்து வாட்டுகிறதா, அதற்காக எதையாவது திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரு மேலயோ வண்டிய ஏத்திட்டேன்னு தோணுது. வண்டி குலுங்கினா போதும். திரும்பிப் போய்ப் பாப்பேன், ஒண்ணும் இருக்காது. கிளம்பினா, புதருக்குள்ள விழுந்திருந்தா என்ன பண்றதுன்னு..."

அவர் நினைப்பில் அடிபட்டுக் கிடக்கும் அந்த ஆளை எட்டு மாதமாக எனக்கும் தெரியும். சாம்பல் நிறச் சட்டை, ஒரு காலில் செருப்பில்லை. இவரோடு நடத்திய குடித்தனத்தைவிட அந்த ஆளோடு நடத்தியதே அதிகம். சோற்றில் கை வைத்தபடி, "யாரும் இல்லதானே?" என்பார். இல்லை என்பேன். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது.

இது பைத்தியமில்லை, ஓசிடி என்னும் நோய், குணப்படுத்தலாம் என்றார் டாக்டரம்மா. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகுமாம். போய்ப் பார்க்காமல் அந்தப் பயத்தோடு இருந்து பழக, மனநல ஆலோசகர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவர் கேட்டா இனிமே பதில் சொல்லாதீங்கம்மா. நீங்க இல்லைன்னு சொல்றதும், அவர் போய்ப் பாத்துட்டு வர்றதும் ஒண்ணுதான்."

அவரும் சரியென்று தலையசைத்தார்.

திரும்பும் வழியில், பாலத்தை ஒட்டிய வளைவில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. வண்டியை ஓரம் கட்டினார்.

"இல்லதானே?"

நான் மடியைப் பார்த்துக்கொண்டேன். நெற்றியில் வியர்வை வழிய அவர் காத்திருந்தார்.

"ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். பக்கக் கண்ணாடி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு பார்வை பார்த்தால் போதும். பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டுக் கிடப்பது போலவே இருந்தது, எனக்கும்.

அவர் கை கதவின் பிடிக்குப் போய், அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்தக் கை கியரைத் தேடியது.

கிடந்தவரை அப்படியே விட்டுவிட்டு, நாங்கள் போனோம்.