மாப்பிள்ளை ரூம் ஏசியும் மூணு அருவியும்

அருள்மொழி கம்ப்யூட்டருக்குள் ஒரு உலகத்தையே கட்டி வைத்திருந்தாள். அந்தரத்தில் மிதக்கிற மலைகள், மலை இடுக்கெல்லாம் லட்சக்கணக்கில் மரம், வானத்தில் ரெண்டு நிலா, மேகத்துக்குள் கொட்டுகிற மூணு அருவி. இத்தனைக்கும் மேலே கேமரா பறந்து போகும். மொத்தமே பத்து செகண்டுதான். ஐதராபாத்தில் ஒரு அனிமேஷன் கம்பெனி வைத்த டெஸ்ட் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பினால் வேலைக்கு வழியுண்டு. இல்லையென்றால் கடலூரிலேயே கல்யாண ஆல்பத்துக்கு ரோஜாப்பூ ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

உலகத்தைக்கூடப் படைத்துவிடலாம் சாமி, 2012-ல் கரண்டுக்கு எங்கே போவது? ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. அவள் கட்டின உலகத்தை கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாகக் கணக்குப் போட்டு வரைந்து தர வேண்டும். அதற்குப் பேர் ரெண்டரிங். மலை தூரத்தில் இருந்தவரை வேலை மளமளவென்று நடந்தது. கேமரா அருவிப் பக்கம் வந்தது, சனியன் பிடித்தது. தண்ணியும் சாரலும் சேர்ந்து, ஒரு படத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். கால் மணி நேரம் பாக்கி இருக்கும்போது கரண்டு போய்விடும். வந்தால் அந்தப் படத்தை மறுபடி முதலிலிருந்து. யு.பி.எஸ். இருந்தது, கம்ப்யூட்டரைப் பத்திரமாக அணைத்து வைக்கிற அளவுக்குத்தான் அதற்கு உயிர். கடைசிப் பத்துப் படம் மட்டும் பாக்கி. அதைச் செய்யாமல் விட்டால் அருவிக்கு விக்கல் எடுக்கும்.

இது போதாதென்று அப்பா நடனசபாபதி. உரக்கடை வைத்திருக்கிறவர், எந்த நிலத்தைப் பார்த்தாலும் அவருக்கு அந்தப் புத்திதான். "பாறையில புல்லு மொளைச்சிருக்கே, என்னா உரம் போட்ட?" என்று கேட்டுவிட்டுப் போவார். ரெண்டு வருஷமாக அவர் வாயில் அது பொம்மைப் படம்தான். ஐதராபாத் என்று ஆரம்பித்தால் போச்சு. "பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரம் தனியா அனுப்பிட்டு நான் இங்க யூரியா வித்துக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா?" என்று எழுந்துவிடுவார். முதலில் வேலை கிடைக்கட்டும், அப்புறம் அழுதாவது சம்மதிக்க வைக்கலாம் என்று அருள்மொழி கணக்குப் போட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அத்தை தில்லையம்மாளின் மகள் தீபிகாவுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம் வந்தது. சனிக்கிழமை ரிசப்ஷன், ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். மண்டபத்தில் ஜெனரேட்டர் உண்டு, விடிய விடிய ஓடும். அருள்மொழிக்குப் பொறி தட்டியது. தீபிகாவுக்கு போன் போட்டாள்.

"பொண்ணு ரூம்ல வச்சுக்கடி, எனக்கென்னா" என்றாள் தீபிகா. தங்கமான பெண்.

தாய்மாமன் சீர் கடலூரிலிருந்து வேனில் போனது. ஆப்பிள் தட்டுக்கும் வெத்தலை பாக்குத் தட்டுக்கும் நடுவில் பட்டுத்துண்டு சுற்றிக்கொண்டு சி.பி.யூ.வும் போனது. மானிட்டர் தலையணை உறைக்குள் போனது. நடனசபாபதி அதை மிக்ஸி என்று நினைத்துக்கொண்டார். "நல்ல வெயிட்டா இருக்கே, யாரு வாங்குனது?" என்று மெச்சிக்கொண்டே, யார் கையிலும் கொடுக்காமல் தானே தூக்கி இறக்கினார்.

ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் உறுமியது, அருவி விழுந்தது. காலையில் பார்த்தால் ஒன்பது படம் முடிந்து பத்தாவது ஓடிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவையில் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்த தீபிகா, கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அறுவது பர்சென்ட்டுடி" என்றாள்.

அப்போதுதான் ஜெனரேட்டர் இருமியது. மேடை லைட்டு மங்கியது, மைக் செட்டு கரகரத்தது. ஜெனரேட்டர்காரர் கொளஞ்சி கையெல்லாம் கிரீஸோடு உள்ளே வந்தார். "லோடு தாங்கல. மாப்ள ரூம் ஏசிய அணைங்க, இல்லன்னா மொத்தமா நின்னுபூடும்."

மாப்பிள்ளைக்குப் பெரியப்பா தங்கராசு குறுக்கே வந்தார். கல்யாணத்தில் தேங்காய் உடைப்பதிலிருந்து செருப்பு வைக்கிற இடம் வரைக்கும் அவர் சொன்னபடிதான் நடந்தது. "மாப்ள ரூம் ஏசிய அணைக்கிறதா? எந்த ஊரு மரியாத இது? பொண்ணு ரூம்ல ஏதோ கம்ப்யூட்டர் ஓடுதாமே, அதப் புடுங்கு." கம்ப்யூட்டர் குடிக்கிற கரண்டு ஏசிக்கு ஊறுகாய்க்குக் காணாது என்று கொளஞ்சி சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

தங்கராசு விடுவிடுவென்று பெண் அறைக்குள் வந்தார். அருள்மொழி பிளக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "மாமா, அரை மணி நேரம். அரையே அரை மணி நேரம் மாமா" என்றாள். மத்தியானம் மண்டபத்தைக் காலி செய்துவிடுவார்கள், இந்தப் படம் இப்போது செத்தால் செத்ததுதான்.

சத்தம் கேட்டு நடனசபாபதியும் வந்தார். மிக்ஸிக்குள் மலை தெரிவதைப் பார்த்தார். மகளை முறைத்தார். அருள்மொழி பிளக்கை விட்டு நகரவில்லை.

"பாருங்க மச்சான்" என்றார் தங்கராசு. "இந்தப் பொம்மைப் படத்துக்காக எங்க புள்ள வேர்த்து ஊத்தணுமாம். எடுத்து வெளிய வைக்கச் சொல்லுங்க."

ரெண்டு வருஷமாகத் தான் சொன்ன அதே வார்த்தைதான். அடுத்தவன் வாயில் கேட்டதும் நடனசபாபதிக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையை நான் திட்டுவேன், நீ யாருய்யா திட்ட, என்கிற ரகம் அவர்.

"பொம்மைப் படமா? என்னான்னு தெரியுமா ஒமக்கு? ஐதராபாத்து கம்பெனி எம் பொண்ண வேலைக்குக் கூப்ட்டிருக்கு. அடுத்த மாசம் போவப்போறா. அதுக்கான வேலைதான் ஓடுது."

அருள்மொழி பரீட்சையே எழுதி முடிக்கவில்லை, அப்பா ரிசல்ட் சொல்லிவிட்டார்.

"யாரு கூப்ட்டா என்னா? முகூர்த்தந்தான் முக்கியம்" என்றார் தங்கராசு.

"அப்பிடியா. அப்ப முகூர்த்தத்த நீங்களே நடத்திக்குங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடனசபாபதி வெளியே போனார். வாசல் வாழைமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் கட்ட வேண்டிய பட்டம் அவர் சட்டைப்பையில் இருந்தது. பட்டம் கட்டாமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள், பெண் வராமல் தாலி யார் கழுத்தில் ஏறும்? கல்யாண வீட்டில் தாய்மாமன் கோபித்துக்கொண்டால் கலெக்டர் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

தில்லையம்மாள் ஓடிவந்தாள். "அண்ணே, ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும். கம்ப்யூட்டர் ஓடணும், ஏசி நிக்கணும். ரெண்டும் நடந்தா வரேன்."

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். நாயனக்காரர் வாசித்த கீர்த்தனையையே திரும்ப வாசித்தார். "எம் மாமன் பட்டம் கட்டாம நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்று தீபிகா உள்ளேயிருந்து ஆள் விட்டாள். விட்டுவிட்டு, "எண்பத்தஞ்சுடி" என்றாள்.

தங்கராசு அசைவதாக இல்லை. அவரும் ஒரு பெரிய மனுஷர் அல்லவா. கடைசியில் மாப்பிள்ளை ரூம் கதவு தானாகத் திறந்தது. மாப்பிள்ளை பட்டுவேட்டிக்கு மேல் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு நின்றான்.

"ஏசிய நானே அணைச்சிட்டேன் பெரியப்பா. விடியக்காலையிலேருந்து குளுரு தாங்கல. நிறுத்தச் சொன்னா நீங்க கோச்சுக்குவீங்கன்னுதான் சும்மா இருந்தேன்."

ஜெனரேட்டர் மூச்சு விட்டது. மண்டபமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. தங்கராசு பந்தி ஏற்பாட்டைப் பார்க்கிற சாக்கில் சமையல்கட்டுக்குள் நுழைந்துகொண்டார். நடனசபாபதி ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து வந்து பட்டம் கட்டினார். கெட்டிமேளம் கொட்டியபோது அருள்மொழி மேடைப் பக்கமே போகவில்லை. பத்தாவது படம் முடிந்தது. அவள் சத்தமில்லாமல் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

ஆனால் தவளை தன் வாயால் கெட்டுவிட்டதே. பந்தியில் நடனசபாபதியால் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. "பொண்ணு ஐதராபாத்து போவுதாமே", "பெத்தா இப்பிடிப் பெக்கணும் மச்சான்" என்று ஆளுக்கு ஆள் வந்து தோளைத் தட்டினார்கள். மறுக்கவா முடியும்? தலையாட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது. பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பெண் அறையில் அருள்மொழி தனியாக இருந்தாள். சி.டி.யில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிட்டியா?"

"இனிமேதான்ப்பா. ப்ரௌசிங் சென்டருக்குப் போவணும்."

"ஊரு பூரா சொல்லிட்டேன். அவுங்க கூப்புடலன்னா எம் மானம் போயிடும்." "எங்க, அதப் போடு பாப்போம்."

போட்டாள். மலை வந்தது, காடு வந்தது, மூணு அருவியும் விக்காமல் கொட்டின. முடிந்ததும் "இன்னொரு தடவ" என்றார். மறுபடி போட்டாள். உரம், புல்லு என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ தேடினார்.

"இவ்ளோ பெரிய ஊரு. ஒத்த ஆளக் காணோமே அருளு."

"கேமரா மேல இருக்குப்பா. ஆளுங்க தெரிய மாட்டாங்க."

"ஐதராபாத்து இப்பிடியா இருக்கும்?"

அவர் கேட்டது படத்தைப் பற்றி இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

நடனசபாபதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல ஒரு வாரம் நானும் வந்து இருக்கறேன்" என்றார். "கடைய ஒங்கம்மா பாத்துக்குவா."