டிரம்முக்குள் குடிபோன டிரம்பெட்

அரியமங்கலம் பேண்டு செட்டின் தலைவர் செல்லக்கண்ணு, பெரிய டிரம் அடிக்கும் ரசூலுக்கு நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் பாக்கி வைத்தார். அதனால் அவருடைய டிரம்பெட் சத்தம் ரசூலின் டிரம்முக்குள் குடிபோய்விட்டது.

அது ஆறு கல்யாணத்துக் கூலி. ஊர்வலத்தில் மாப்பிள்ளை வீட்டார் தலைவர் சட்டையில் குத்திவிடும் நோட்டுகளை எல்லோருக்கும் பிரிப்பது வழக்கம். செல்லக்கண்ணு சட்டையோடு வீட்டுக்குப் போய்விடுவார். முன்னால் விறுவிறுவென்று நடப்பார், வயிற்றில் டிரம்மைக் கட்டிக்கொண்டு வருகிறவனைத் திரும்பிப் பார்க்கமாட்டார். பந்தியில் முதல் இலை அவருக்கு. ரசூல் கூலி கேட்டபோது, "தோலைத் தட்டுறதுக்கு இம்புட்டா? நான் ஊதலைன்னா உன்னை யாருடா கூப்பிடுவா?" என்றார். ரசூல் தன் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு. செல்லக்கண்ணு கன்னம் புடைக்க ஊதினார், வெறும் காற்றுதான் வந்தது. அதே நேரம் அரியமங்கலத்தில் ஆணியில் தொங்கிய டிரம் தானாக டிரம்பெட் வாசித்தது. ரசூலின் மனைவி ஹாஜிரா அரிசி களைந்த கையோடு வந்து, "என்னங்க, உங்க அண்ணன் நம்ம வீட்டுல வந்து ஊதுறாரு" என்றாள்.

"ஊதட்டும். இன்னைக்கு நல்லாத்தான் ஊதுறாரு" என்று ரசூல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு வருடத்தில் அந்த செட் கலைந்து, ஆட்கள் ரசூலிடம் வந்தார்கள். செல்லக்கண்ணு செய்ததையெல்லாம் நினைத்து நினைத்து ரசூல் தலைகீழாகச் செய்தார். யூனிஃபார்மைக் கழற்றுமுன் கூலி. கடைசியில் வருகிறவனின் நடைக்கே தன் நடை. பந்தியில் கடைசி இலை தனக்கு.

வேறு வழியில்லாமல் செல்லக்கண்ணுவும் வந்தார். டிரம் இருக்கும் இடத்தில்தானே அவர் சத்தம் கேட்கும்? ரசூல் அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தினார். பின்னால் அவர் மூச்சு முட்ட ஊத, முன்னால் ரசூலின் வயிற்றிலிருந்து டிரம்பெட் ஒலித்தது. நோட்டெல்லாம் ரசூல் சட்டையில். அதில் பங்கும் அவருக்குச் சரியாக வந்தது. அதைத்தான் செல்லக்கண்ணுவால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் பாக்கியில் ஐந்நூறு கொடுத்தார். உடனே கையிலிருந்த டிரம்பெட் லேசாக முனகியது. ரசூல் அதைக் கேட்டதும் நோட்டைத் திருப்பி அவர் பையிலேயே செருகினார், முனகல் நின்றது. அடுத்த வாரம் செல்லக்கண்ணு மனைவியின் தோட்டை அடகு வைத்து முழுப் பணத்தோடு நின்றார்.

"வாங்கிக்க தம்பி. உன்னைக் கும்பிடுறேன்."

"நமக்குள்ள என்னண்ணே கணக்கு? அதை அன்னைக்கே தள்ளுபடி பண்ணிட்டேன். தோட்டை மீட்டுக் குடுங்க, போங்க."

செட் ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இப்படி ஒரு தலைவரா என்று அவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

இப்போது திருவெறும்பூர் வரைக்கும் டிரம்பெட் வாசிக்கிற டிரம்தான் வேண்டும் என்று கேட்டு முன்பணம் கொடுக்கிறார்கள். செல்லக்கண்ணுவுக்கு முதுகு வளைந்துவிட்டது. அவர் நடைக்குத் தக்கபடி ரசூல் முன்னால் மெதுவாகத்தான் நடக்கிறார். அடிக்கடி திரும்பியும் பார்த்துக்கொள்கிறார்.